மையவாடிக்குள் இயந்திரம் வேண்டாம்: நம் ஊர் ஜமாஅத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜமாஅத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்து, ஊர்க் காரியம் என்றால் கணக்குப் பார்க்காமல் பணம் அனுப்பும் காக்காமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் அடக்கத்தலமான மையவாடிக்கு என்று பள்ளிவாசல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் ‘மையவாடி மேம்பாட்டுப் பணி’ மதிப்பீட்டை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜேசிபி வைத்து முழு மையவாடியையும் சுத்தம் செய்வது, மேடு பள்ளம் நிரவிக் கிராவல் அடிப்பது, வாசலிலிருந்து கடல்பக்கச் சுவர் வரை பேவர் பிளாக் பாதை, இரண்டு உயர்கோபுர விளக்குகள், நன்கொடையாளர் பெயர்களோடு கிரானைட் பதித்த கான்கிரீட் வளைவு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டிருக்கிறீர்கள். கடைசியில் தொகை இல்லாமல் ஒரு வரி: ‘பட்டுப்போன பொந்தன்புளி உள்ளிட்ட தேவையற்ற மரங்களை அகற்றுதல்.’ வெட்டுகிறவரே மரத்தை எடுத்துக்கொள்வார், நமக்குச் செலவில்லை என்று கணக்குப் போட்டிருப்பீர்கள் போலிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த வாசலுக்குள் இயந்திரம் நுழையக் கூடாது. மற்றதையெல்லாம் உட்கார்ந்து பேசலாம்.

இதைக் கேட்க நீ யார் என்பீர்கள். ஞாயிறுதோறும் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு மையவாடிக்குள் போகிறவர்களில் நானும் ஒருவன். எங்களில் கல்லூரிப் பையன்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சபுராளிகள் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்து நிற்கிறார்கள். குழி வெட்டும் மாமா இருக்கிறார். அவர் கை காட்டாமல் யாரும் மண்ணில் கம்பி இறக்க மாட்டோம். பனையேறும் அண்ணன் ஒருவர் வருகிறார். கடற்கரைக் குடியிருப்பிலிருந்து பழைய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள். மரக்கன்றுகளை ஆட்டிடமிருந்து காப்பாற்றுவது அந்த வலைதான். சுவருக்கு வெளியிலிருந்து தேநீரும் சில நாட்களில் தொதலும் வந்துவிடுகின்றன. சங்கத்தின் பெயர் என்ன, பதிவு எண் என்ன என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெயர் வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் மாலை வேண்டும். அதனால் வைக்கவில்லை.

உங்கள் மதிப்பீட்டுக்குப் பின்னால் இருக்கும் புகார் நியாயமானது. இறந்தவரின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து வருகிறவர்களின் சட்டையை முள் கிழிக்கிறது. மழைக்காலத்தில் வாசலருகே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இரவில் அடக்கம் செய்ய நேர்ந்தால் கைபேசி வெளிச்சத்தில் குழியைத் தேட வேண்டியிருக்கிறது. பாம்பு இருக்கிறது. வாப்பாவை அடக்கிய கபுருக்கு ஜியாரத் செய்ய வந்துவிட்டு, முள்ளைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்று துஆ ஓதித் திரும்பிய மகன்கள் இருக்கிறார்கள். இது வெட்கக்கேடு. இந்த வெட்கத்தால்தான் நாங்களும் உள்ளே போனோம்.

ஆனால் முள் என்று நீங்கள் சொல்வது ஒரே மரத்தின் முள். சீமைக்கருவேலம். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து பரப்பினார்கள். இன்று கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, கண்மாய்களைத் தின்கிறது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022இல் மாநில அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. இருந்தும் அது நம்மோடுதான் இருக்கிறது. ஏனென்றால் வெட்டினால் அது சாவதில்லை. ஒன்றை வெட்டினால் அடுத்த மழையில் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளை வரும், முன்னைவிட அடர்த்தியாக. மையவாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று இதற்கு முன் கூலிக்கு ஆள் விட்டபோதெல்லாம் நடந்தது இதுதான். தரையோடு வெட்டிவிட்டுக் கணக்கு முடித்துப் போனார்கள். இரண்டு மழையில் பழையபடி காடு.

அது சாக வேண்டுமென்றால், தண்டும் வேரும் கூடும் கழுத்தைத் தரைக்குக் கீழே தோண்டிக் கண்டுபிடித்து, அதற்கும் கீழே வெட்ட வேண்டும். மறுகிளை வருவது அந்தக் கழுத்திலிருந்துதான். இதற்கு ஒரு சாண், பெரிய மரமானால் ஒன்றரைச் சாண் ஆழம் போதும். ஆணிவேரை முழுவதும் பிடுங்க வேண்டியதில்லை; அது உள்ளேயே மக்கிப் போகும். கபுருகள் இருக்கும் மண்ணில் இந்த வேலையைக் கையால்தான் செய்ய முடியும். இயந்திரத்தின் பல் ஒரு மரத்தை வேரோடு தூக்கும்போது, அந்த வேர் எதையெல்லாம் சுற்றிப் பிடித்திருக்கிறதோ அதையும் சேர்த்தே தூக்கும். இதற்கு மேல் விவரிக்க எனக்கு மனமில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. கூட்டத்தில் மார்க்கம் படித்த ஆலிம்சா இருப்பார், அவரிடமே கேளுங்கள்.

மதிப்பீட்டில் ‘மேடு பள்ளம் நிரவுதல்’ என்று வாசித்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. மையவாடியில் மேடு என்பது என்ன? அது ஒரு மனிதர். கிராவல் அடித்து மட்டப்படுத்திவிட்டால், கல் இல்லாத கபுரு எதுவும் அதற்குப் பிறகு இல்லை. கல் வைக்க முடிந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? முத்து, சங்கு, கப்பல் வியாபாரம் என்று வசதியாக வாழ்ந்த வீட்டாருக்குப் தலைமாட்டில் பூவேலை செய்த மீசான் கல் இருக்கிறது. வலை இழுத்தவருக்கும் பாய் முடைந்தவருக்கும் அடுத்த வீட்டில் மாவிடித்தவருக்கும் என்ன இருக்கிறது? அடக்கம் முடிந்ததும் யாரோ ஒருவர் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துத் தலைமாட்டில் நட்டுவைத்தார். அவ்வளவுதான். அதில் சில கொப்புகள் வேர் பிடித்தன. இன்று வடக்குப் பக்கத்தில் நிற்கும் பூவரசுகளை அந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். அவை வரிசையாக இல்லை. நிழலுக்கென்று நட்டவர் யாரும் அப்படிக் கோணல்மாணலாக நட மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு தலைமாடு. பக்கத்தில் பறவை எச்சத்தில் முளைத்த வேம்புகளைக்கூட மாமா வெட்ட விட்டதில்லை. கீழே யார் என்று அவருக்கு அவருடைய வாப்பா சொல்லியிருக்கிறார்.

கொப்பு நடுவதற்கு ஆதாரம் புகாரி நபிமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இரண்டு கபுருகளைக் கடந்து சென்றபோது, உள்ளே இருப்பவர்கள் வேதனை செய்யப்படுவதை அறிந்து, பச்சைப் பேரீச்ச மட்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றிலும் ஒன்றை நட்டார்கள். இவை காயாதிருக்கும்வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்றார்கள். (அந்த இருவரில் ஒருவர் செய்த குற்றம் கோள் சொல்லித் திரிந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடைப் பெஞ்சுகளை நினைத்தால் மையவாடிக்கு இன்னும் நிறைய மரம் தேவைப்படும்.) இது நபியவர்களுக்கு மட்டும் உரியது, நாம் செய்வதற்கில்லை என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் முன்னோர் நம்பி நட்டார்கள். நட்டது மரமாகி நிற்கிறது. அதை வெட்டுவதும் ஒரு மீசான் கல்லைப் பிடுங்கி எறிவதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

கடல்பக்க மூலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் வரைபடத்தில் அந்த மூலைக்கு ‘காலியிடம்’ என்று எழுதியிருக்கிறது. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் அங்கே வருவதாகக் கேள்வி. அது காலியிடம் இல்லை. கரை ஒதுங்கிய மையத்துகளை நம் ஊரார் அடக்கிய இடம் அது. எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரியாத உடல்கள். தனுஷ்கோடியை ஒரே இரவில் கொண்டுபோன 1964 டிசம்பர் புயலைப் பார்த்த கடற்கரை இது. கடல் திருப்பிக் கொடுத்ததை அடக்கம் செய்வது நம்மவர்களுக்குப் புதிய வேலை இல்லை. அந்த மூலையில் ஒரு கல்கூடக் கிடையாது. உகாய்ப் புதர்கள்தான் இருக்கின்றன.

உகாய் என்றதும் பலருக்குத் தெரியவில்லை. மிஸ்வாக் என்றால் தெரியும். பள்ளிவாசல் வாசலில் அரபு எழுத்து அச்சடித்த உறையில் விலை கொடுத்து வாங்கிப் பல் துலக்குகிறோமே, அந்தக் குச்சியின் மரம்தான் இது. சங்கப் பாட்டில் பாலை நிலத்து மரமாக வரும். நம் கடற்கரையில் உப்பு மண்ணிலும் உப்புக் காற்றிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளரும். உங்கள் தாளின்படி அது ‘தேவையற்ற மரம்’. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் அங்கிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வந்து உறவுகளுக்குக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்பதை வேலி என்று வெட்டுகிறோம். இதையும் உடைமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் ஒப்பந்தக்காரரின் ஓட்டுநர் பிரித்துப் பார்ப்பாரா? உடைமரத்துக்கும் முள் உண்டு. ஆனால் அது குடை பிடித்த மாதிரி மேலே விரிந்து நிற்கும், இந்த மண்ணுக்கே உரிய மரம், ஆடு அதன் நெற்றைத் தின்னும், கீழே வேறு செடி வளர விடும். இயந்திரத்தில் உட்கார்ந்து பார்த்தால் முள் எல்லாம் ஒரே முள்தான்.

இனி அந்தப் பட்டுப்போன பொந்தன்புளி. அது பட்டுப்போகவில்லை. மதிப்பீடு போட வந்த பொறியாளர் கோடையில் வந்திருக்கிறார். கோடையில் பொந்தன்புளி இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாகத்தான் நிற்கும். ஆப்பிரிக்காவின் வறண்ட காட்டில் பிறந்த மரம் அது. தண்ணீர் இல்லாத மாதங்களில் இலையை வைத்துக்கொண்டு வீணாக்காது, அடிமரத்திலேயே நீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். மழை கண்டதும் ஐந்து விரல் விரித்ததுபோல் இலை விடும். சந்தேகம் இருந்தால் மேல்தோலை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், அடியில் பச்சை தெரியும். பொந்து விழுந்துவிட்டது, அதனால் ஆபத்து என்று ஒரு வாதம். வயதான பொந்தன்புளி பொந்தோடு இருப்பது இயல்பு. அந்தப் பொந்துக்குள் சிமெண்டு கலவையை நிரப்பலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஈரம் உள்ளே தங்கி நிச்சயம் அழுகும், தயவுசெய்து வேண்டாம். பாரம் தாங்காமல் வளைந்திருக்கும் ஒரு கிளைக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் போதும். அதற்கான பனங்கட்டை எங்களிடம் இருக்கிறது.

இந்தக் கரையில் எங்கெல்லாம் பழைய துறைமுகம் இருந்ததோ அங்கெல்லாம் பொந்தன்புளி ஒன்றிரண்டு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அரபு வணிகர்களோடு வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடலுக்கு அந்தப் புறம் இலங்கையின் மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்பதன் சுற்றளவு 19 மீட்டருக்கும் மேல். அங்கே பெருக்க மரம் என்கிறார்கள். அதைச் சுற்றி வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நாம் நம்முடையதைப் பட்டுப்போன கணக்கில் எழுதியிருக்கிறோம். இரவில் அது பூக்கும்போது ஒருமுறை வந்து நில்லுங்கள். கையகலத்துக்கு வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கும், வௌவால்கள் தேன் குடிக்க வரும், மகரந்தச் சேர்க்கை அவற்றால்தான் நடக்கிறது. உயர்கோபுர விளக்கை அதன் பக்கத்தில் நட்டால் அந்த வௌவால்கள் வரத் தயங்கும். இரவு அடக்கத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. வாசலில் ஒன்று, பாதையில் இடுப்புயரத்தில் நாலைந்து, தேவைப்படும்போது மட்டும் போடும்படி ஒரு சுவிட்ச். இதற்குக் கோபுரம் எதற்கு? உள்ளே இருப்பவர்கள் யாரும் வாசிக்கப் போவதில்லை.

கல்லைப் பற்றி. சில இளைஞர்கள் மீசான் கல்லே கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிட இதுதான் தருணம் என்று பேசுவது காதில் விழுகிறது. கபுரைப் பூசுவதையும் அதன்மேல் கட்டடம் எழுப்புவதையும் தடுக்கும் நபிமொழி ‘முஸ்லிம்’ தொகுப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே நபியவர்கள்தான் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களை அடக்கியபோது ஒரு கல்லைத் தாமே தூக்கிவந்து தலைமாட்டில் வைத்து, என் சகோதரரின் கபுரை இதைக் கொண்டு அறிந்துகொள்வேன் என்றார்கள். அதுவும் அபூதாவூதில்தான் இருக்கிறது. அடையாளக் கல் வேறு, மாடம் வேறு. மாடத்தைப் பற்றிய தீர்ப்பை ஆலிம்கள் சொல்லட்டும். அடையாளக் கல்லை யாரும் தொட வேண்டாம்.

அந்தக் கற்களில் பழையவை முருகைக்கல் என்னும் பவளப் பாறைக் கல்லும் கடற்கரைப் பாறையும். இனிமேல் அப்படி ஒரு கல் உங்களுக்குக் கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள்; 2001இல் பவளப் பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். ஆகவே உடைந்தால் உடைந்ததுதான். போன வருடம் பராஅத் இரவுக்கு முன்னால் நல்லெண்ணத்தோடு ஒரு குடும்பத்தார் தங்கள் மூத்தவரின் கல்லைக் கழிப்பறை கழுவும் ஆசிட் போட்டுத் தேய்த்தார்கள். முருகைக்கல் முழுவதும் சுண்ணாம்பு. ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும். பளிச்சென்று வெளுத்தது உண்மை. எழுத்து போய்விட்டது. நாங்கள் செய்வது வெறும் நன்னீரும் மெல்லிய தூரிகையும்தான். கம்பித் தூரிகை கூடாது, எனாமல் பெயிண்டு கூடாது. சாய்ந்த கல்லை நிமிர்த்தச் சிமெண்டு கூடாது; அது ஈரத்தையும் உப்பையும் கல்லுக்குள் அடைத்துவைத்து உள்ளிருந்தே பொடியாக்கும். சிப்பிச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து வைக்கிறோம். தேவைப்பட்டால் என்றாவது பெயர்த்துவிடலாம், கல்லுக்குச் சேதம் வராது.

எழுத்தைப் பதிவு செய்யும் வேலையும் நடக்கிறது. நண்பகலில் பார்த்தால் எதுவும் தெரியாது. காலைச் சூரியன் சாய்வாக விழும்போதோ, இருட்டில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தாலோ, தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து வரும். அப்போது படம் எடுக்கிறோம். ஹிஜ்ரி ஆண்டுகள்தான் பெரும்பாலும். கல்லில் 1300 என்றிருந்தால் அது 1882-83. அரபியில் பெயரும் கலிமாவும் இருப்பவை பல. அரபு எழுத்தில் தமிழையே எழுதிய அர்வி வரிகளும் சில கற்களில் வருகின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) காலத்தில் இந்தக் கரையோரப் பெண்கள் மார்க்கம் படித்ததே அந்த எழுத்தில்தான். இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். நாங்கள் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் வாசிப்பவர் நம் தெருவில் இருக்கும், அக்கா முறையிலான ஒரு ராத்தா. மையவாடிக்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் எந்தக் கல்லுக்கு அடுத்து எந்தக் கல், யாருக்கு யார் சாச்சி, எவர் கப்பலில் போய்ப் பர்மாவில் மவுத்தானார், அவருக்காக இங்கே கபுரு இல்லாமல் கல் மட்டும் நட்டது எந்த வீட்டார் என்பதையெல்லாம் சுவருக்கு வெளியில் நின்றே சொல்கிறார். உங்கள் நிர்வாகக் குழு அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் ‘காலியிடம்’ என்ற சொல் வரைபடத்தில் வந்திருக்காது.

பழைய கல்லால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பெரியபட்டினத்தைக் காட்டுவேன். இன்று பார்த்தால் அமைதியான ஊர். அங்கே 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன; சீனக் கப்பல்கள் வந்துபோன துறை அது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வட்டாரத்தில் எபிரேய எழுத்து வெட்டிய கல்லறைக் கல்லும் கிடைத்திருக்கிறது. யூதர்கள் இங்கே வாழ்ந்தார்கள், இங்கேயே இறந்தார்கள் என்பதற்கு இன்று ஒரு வீடோ தெருவோ சாட்சி இல்லை. ஒரு கல்தான் சாட்சி. யாரோ ஒருவர் அதைத் துவைகல்லாகப் போட்டிருந்தால் அந்தச் செய்தியே இல்லை. நம் மையவாடியில் இன்னும் வாசிக்காத கற்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் கிராவல் கொட்டிவிட்டு வளைவில் புதிதாகப் பெயர் பொறிக்கப் போகிறீர்கள்.

வெளிநாட்டு அன்பர்களிடம் பணத்தைப் பற்றி நேராகப் பேசிவிடுகிறேன். நீங்கள் அனுப்புவது வீண் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு விதமாகச் செலவழியுங்கள் என்கிறேன். சீமைக்கருவேலத்தைக் கையால் எடுக்க நாள் கூலிக்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்களால் மட்டும் முழுவதையும் முடிக்க முடியாது. எடுத்த மரத்தைக் கரிக்கு வாங்கிக்கொள்ள வியாபாரிகள் இருக்கிறார்கள், அந்தப் பணமும் கூலியில் ஒரு பகுதிக்கு வரும். குழி வெட்டும் மாமாவுக்கு மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மையத்து விழுந்தால்தான் அவருக்கு வருமானம். அவரையும் அவரிடம் தொழில் கற்கும் பையனையும் மையவாடிக் காவலராகச் சம்பளத்துக்கு வைத்தால், உங்கள் பேவர் பிளாக் செலவில் பல வருடம் ஓடும். பாதை வேண்டும், சரி. ஜனாஸாவை வைத்த சந்தூக்கைச் சுமப்பவர்கள் இரண்டு பேர் அகலத்தில் போகும் அளவுக்கு, இப்போதுள்ள ஒற்றையடித் தடத்தின் வழியிலேயே, ஆற்று மணல் அல்லது சுக்கான் கல் பரப்பி அமைக்கலாம். இந்த மாவட்டத்தில் பெய்வதே ஆண்டுக்குச் சராசரி 827 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. அது இறங்குவதற்கு மண் திறந்திருக்க வேண்டும். கடலோரத்தில் நம் கிணற்றுத் தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் மழைத் தண்ணீர்தான். வாசலில் நிற்கும் வெள்ளத்துக்குக் காரணம் தெருவின் சாக்கடை உயரம். அது மையவாடியின் குற்றமில்லை, உள்ளாட்சியில் கேட்க வேண்டியது. மனு எழுதித் தருகிறோம், ஜமாஅத் முத்திரை போட்டுக் கொடுங்கள்.

சுவரை ஒட்டிய பனைகளும் உங்கள் பட்டியலில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்பது அரசின் உத்தரவு. தெரியாமல் செய்துவிட்டோம் என்று பிறகு சொல்ல வழியில்லாமல் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கிரானைட் வளைவைப் பற்றி எனக்கொன்றும் இல்லை, மார்க்கத்தில் இடமிருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், வாசலுக்கு வெளியே. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று உலகமே சொல்லும் வள்ளலை அடக்கம் செய்திருப்பது நம் பக்கத்துக் கீழக்கரையில். தேடிவந்த புலவர் கபுரடியில் அழுதபோது உள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்பது கதை. கதை நடந்ததா என்ற விவாதம் கிடக்கட்டும். அந்தக் கதையில் வள்ளல் கொடுத்தது பெயர்ப் பலகைக்காக இல்லை.

இனி ஆக வேண்டியது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் மதிப்பீட்டை நிறைவேற்றுவதற்கு முன், நிர்வாகக் குழுவினர் ஒரு ஞாயிறு காலை மையவாடிக்கு வர வேண்டும். வரைபடத்தைக் கையில் கொண்டுவாருங்கள். மாமா ஒவ்வொரு மரமாகக் கூட்டிப்போய்க் கீழே யார் என்று சொல்வார். வரைபடத்தில் அதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். குறித்து முடித்தபின் எந்த மரம் தேவையற்றது என்று எங்களிடம் காட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கருவையின் கழுத்தை வெட்டி முடித்தாக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருடம் போய்விடும். வனத்துறை நாற்றங்காலில் வேம்பும் புன்னையும் கேட்டிருக்கிறோம். அவற்றை எங்கே நடுவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யலாம். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக ஒரு பேச்சு இருக்கிறது. கொடுத்திருந்தால் வெளிச் சுவரைப் பூசும் வேலையை அவருக்கே கொடுங்கள், அதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அது உண்மையிலேயே இடிந்துதான் கிடக்கிறது.

தடித்த அடியுள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். கிழக்குப் பக்கம் இன்னும் முள் எடுத்து முடியவில்லை.

வஸ்ஸலாம்,
மையவாடியில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் சார்பில்,
அவர்களில் ஒருவன்